உச்சாணி தரையில் நிற்கிறார்

கிரேன் ஓட்டுபவருக்கு உச்சாணி என்று முதலில் பெயர் வைத்தது யாரென்று தெரியாது. கட்டட வேலையில் எல்லார் தலைக்கும் மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? ஏறினால், வேலை முடிந்துதான் இறங்குவார். நடுவில் ஒன்றுக்குப் போக இறங்கினால் கீழே மொத்த வேலையும் நிற்கும். மேஸ்திரி வாய்க்கு வந்ததைப் பேசுவார். அதனால் ஏறும் நாளில் தண்ணீரைத் தொடவே மாட்டார். அந்தத் தொழிலில் பலரும் அப்படித்தான்.

அப்பேர்ப்பட்டவரைத் தரையில் இறக்கியது ரத்த அழுத்தம். மாத்திரை மேல் மாத்திரை போட்டும் அடங்கவில்லை. ஸ்கேன் எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது, சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கிக் கிடந்தது.

"ரத்தம் பத்தலைன்னு கிட்னி கூப்பாடு போடுது. அதைக் கேட்டு உடம்பு பிரஷரை ஏத்திக்கிட்டே போகுது" என்றார் டாக்டர். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, சுருங்கின இடத்தை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். "இதுல எல்லாருக்கும் பிரஷர் இறங்கும்னு சொல்ல முடியாது" என்றும் சொல்லி வைத்தார்கள்.

இவருக்கு இறங்கியது, ஆனால் ஆடி அசைந்து. அதுவரை அவரும் நிம்மதியாக இல்லை, வீட்டில் மற்றவர்களையும் இருக்க விடவில்லை. மின்விசிறி சத்தம் போட்டால் எரிச்சல், மகள் சிரித்தால் எரிச்சல். "உங்களை அந்தக் கூண்டுக்குள்ளயே பூட்டி வெச்சிருக்கணும்" என்பாள் மனைவி.

ஒருவழியாகக் கம்பெனி கூப்பிட்டது. ஏணி ஏறிக் காட்டினால் கூண்டு மறுபடி அவருடையது. காலையில் மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டார். விழுங்க ஒரு மிடறு, அதோடு சரி. மனைவி டம்ளரை நீட்டினாள்.

"ஏறுற நாள்ல யாராவது தண்ணி குடிப்பாங்களா?" என்று எரிந்து விழுந்தார்.

வேலை நடக்கும் இடத்தில் வெயிலில் காக்க வைத்துவிட்டார்கள். ஏணியில் நாலு படி ஏறியதும் கண் இருட்டியது. இடுப்பில் கட்டிய பாதுகாப்புக் கயிறு பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் எலும்பு முறிந்திருக்கும். கம்பெனி டாக்டர் ஓடிவந்து பார்த்தால், இத்தனை மாதம் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த அழுத்தம் அதலபாதாளத்தில் கிடந்தது.

"மாத்திரையைப் போட்டுட்டு, தண்ணி குடிக்காம வெயில்ல நின்னா வேற என்ன ஆகும்?"

"இப்ப குடிச்சுட்டு ஏறிடறேன் சார்."

"மேல போய் மயங்கியிருந்தா கீழ இருக்கறவன் கதி? இனிமே உங்களை ஏத்த முடியாது."

ஆஸ்பத்திரியில் பட்ட பாடெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்காததால் வீணாய்ப் போயிற்று. யாரைத் திட்டுவது?

இப்போது கையில் வாக்கிடாக்கியோடு கீழே நின்று எதை எங்கே இறக்குவதென்று சொல்கிறார். கூண்டில் இருப்பது அவருடைய மச்சினன். அதுவும் சேர்ந்து கடுப்பேற்றுகிறது.

ஒரு மத்தியான நேரம் வாக்கிடாக்கியில் கேட்டார்: "காலையிலேருந்து தண்ணி குடிச்சியா?"

"இல்ல மாமா. குடிச்சா இறங்கணுமே."

"தூக்கின கம்பியைக் கீழ வெச்சுட்டு இறங்குடா!"

"எதுக்கு மாமா?"

"இறங்குடான்னா இறங்கு!"

வேலை நின்றது. மேஸ்திரி கத்திக்கொண்டே வந்தார். உச்சாணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு, மச்சினன் இறங்கி வரும்வரை ஏணி அடியிலேயே நின்றார்.