சந்தைச் சேவல் ஆகாது

பச்சையம்மாள் அக்கா மீது எழுதிய மனுவில் கையெழுத்துப் போட்ட பதினேழு பேரில் நானும் ஒருத்தி. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லிக் காட்டினால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் நகர் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்பு அது அக்கா வீட்டார் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட கொல்லை. கொழுந்தன்மார் விற்றார்கள், பிளாட் கல் நட்டார்கள், நாங்கள் வந்து மாடி கட்டினோம். அக்கா மட்டும் மூலையில் மூன்று சென்ட்டை விடாப்பிடியாக வைத்துக்கொண்டு ஓட்டு வீட்டில் இருக்கிறார். புருஷன் தசரதன் போய் ஐந்து வருஷமாகிறது. மகன் சரவணகுமாருக்குச் சென்னையில் மூன்றாவது மாடியில் வீடு. "வந்துடும்மா" என்று வாராவாரம் போன் பண்ணுவான். "கோழிங்கள யாருடா பார்ப்பாங்க?" என்பார் அக்கா. அதோடு அவன் போனை வைத்துவிடுவான். கோழிகள் போனால் அந்தப் பதிலும் போய்விடும், அக்காவும் கிளம்ப வேண்டியதுதான். இது தெருவுக்கே தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டோம்.

மனுவை எழுதியவர் நலச்சங்கத் தலைவர் இராமலிங்கம் சார், ரிட்டயர்டு அதிகாரி. சேவல் கூவித் தூக்கம் கெடுகிறது, நாற்றம் தாங்கவில்லை, ஆடி பிறப்பதற்குள் கோழிகளை அப்புறப்படுத்தாவிட்டால் மேலிடத்துக்குப் போவோம் என்று வளைத்து வளைத்து எழுதியிருந்தார். அதைக் கொடுக்க நாங்கள் ஆறு பேர் போன சாயங்காலம், அக்கா ஒரு பழைய டிவி அட்டைப்பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் தெருநாய் தாய்க்கோழியைக் கடித்துப் போட்டுவிட்டது. பொரித்து நான்கே நாளான பன்னிரண்டு குஞ்சுகள், பெட்டிக்குள் தொங்கிய குண்டு பல்புக்கு அடியில் கத்திக்கொண்டிருந்தன.

சார் மனுவைச் சத்தமாகப் படித்தார். அக்காவின் கண் பெட்டியை விட்டு எழவில்லை.

"அக்கா, சார் படிக்கிறாரு" என்றேன்.

"படிக்கட்டும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதுங்க பாரு, குளிருது. பல்ப கொஞ்சம் எறக்கிக் கட்டணும். இந்தக் கயித்தப் புடி, தமிழு."

மனு கொடுக்கப் போனவள் கயிற்றைப் பிடித்தேன். பல்பு இறங்கியது, குஞ்சுகள் பிரிந்து பரவின, சத்தம் அடங்கியது. அதன் பிறகுதான் அக்கா எழுந்து மனுவை வாங்கினார். நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தவிட்டு டின்னுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.

"இந்தத் தெருவுல ஆறு வீட்டுல நாய் கீது. ராவெல்லாம் குலைக்குது. அதுக்கு இன்னா மனு எழுதினீங்க? என் சேவலு கூவுறதுதான் உங்களுக்கு ஜாஸ்தியா பூட்டுதா? நான் ஒண்ணையும் அப்புறப்படுத்த மாட்டேன். போயிட்டு வாங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து வெயில் ஏறியதும் குஞ்சுகளைக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்கட்டும் என்றே தெருவாசலில் கூடை போட்டுக் கவிழ்த்தார். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, மஞ்சள் கலந்து, குஞ்சு விழுந்து சாகாதபடி கூழாங்கல் போட்ட தட்டில் வைப்பார். கம்புக் குருணையைத் தூவுவார். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பார். ஒன்று செத்தது. பதினொன்று நின்றன.

ஆனி முடிய ஒரு வாரம் இருக்கும்போது இராமலிங்கம் சார் தனியாக வந்தார், அதுவும் பின்வாசல் வழியாக. நான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள மதிலோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"பச்சையம்மா, ஆடியில பேரனுக்கு மொட்டை. வேடியப்பனுக்கு ஒரு சேவல் வேணும்."

"எந்தச் சேவலு? தூக்கத்த கெடுக்குதே, அதுவா?"

"அது வேற, இது சாமி காரியம்."

"கீழ்பென்னாத்தூர் சந்தையில நெறைய கீது. போய் வாங்குங்க சார்."

"சந்தைச் சேவல் எங்களுக்கு ஆகாதுனு உனக்குத் தெரியாதா? வீட்டுல வளர்ந்ததுதான் கொடுக்கணும்."

"தெரியுமே. வருஷா வருஷம் நான் வளர்த்தத கொண்டுபோய், உங்க வீட்டுல வளர்ந்ததுனு சாமிகிட்ட சொல்லிட்டு வர்றீங்க. நானும் பேசாம இருந்தேன். இனிமே பொய்க்குச் சேவல் கெடையாது. உங்க சாமிக்கு நீங்களே வளருங்க."

அக்கா உள்ளே போய் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தார். அதில் மூன்று குஞ்சுகள்.

"எது சேவலு, எது பொட்டைனு இப்ப சொல்ல முடியாது. மூணுல ஒண்ணாவது சேவலா நிக்கும். மொட்டையைத் தை மாசத்துக்குத் தள்ளி வையுங்க. அடியில கோணி போடுங்க. பேப்பர் வேணாம், கால் வழுக்கும். வாயத் தெறந்து மூச்சு வாங்கிச்சினா சூடு ஜாஸ்தி, பல்ப ஏத்திக் கட்டுங்க. இந்தாங்க, உங்க மனு. கோழி வளர்க்கிறவரே கோழி வேணாம்னு எழுதினா நல்லாவா இருக்கும்?"

தவிடு ஒட்டிய மனுவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி சார் நடந்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஈரத் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அடுத்தடுத்துச் சேவல் கேட்டு வந்தவர்களுக்கும் அதே பதில், அதே செருப்புப் பெட்டி. ஆடி முடிவதற்குள் என் வீட்டையும் சேர்த்து நான்கு வீடுகளில் குண்டு பல்பு எரிந்தது. எனக்கு எந்த வேண்டுதலும் இல்லை. ஆனாலும் போய் நின்று இரண்டு குஞ்சு வாங்கிவந்தேன். வெட்கத்தில்தான் வாங்கினேன்.

மார்கழியில் ஒருநாள் நானும் அக்காவும் அவரவர் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, சார் வீட்டு மாடியிலிருந்து முதல் கூவல் கேட்டது. குரல் உடைந்து, பாதியில் நின்று, மறுபடி ஏறியது. அக்கா கோலமாவு டப்பாவோடு நேராக அவர் வீட்டு கேட்டுக்குப் போனார். மப்ளர் சுற்றிய தலையோடு சார் வெளியே வந்தார்.

"சத்தம் ஜாஸ்தியா கீதே சார். மனு எழுதட்டுமா?"

அந்த வாரமும் சரவணகுமார் போன் பண்ணினான். "வந்துடும்மா" என்று ஆரம்பித்தவனை அக்கா முடிக்க விடவில்லை.

"முன்ன என் கோழிதான்டா. இப்ப நாலு வீட்டுக் கோழிங்க கீது. யாரு பார்ப்பாங்க?"