அம்பயர் சொன்னது நொட் அவுட்

இந்த இரங்கலை எழுத எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். நான் கிரிக்கெட் துடுப்பைத் தொட்டதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லிக்கன் பூங்காவில் தம்பியின் அணிக்கு ஓட்டம் குறிக்கப் போனவள், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால், "பிள்ளை, நீரே எழுதும்" என்று அணியினராகிய நீங்கள் என்னிடம் விட்டுவிட்டீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் மரணச் செய்தி வந்தபோது நான் ஒஷாவாவில் வேலையில் நின்றேன். "அக்கா, செல்லத்துரை அங்கிள் விடிய மோசம் போயிட்டார். நித்திரையிலையாம்," என்றான் தம்பி. பிறகு, "இந்த ஞாயிறு ஆர் அம்பயர்?" என்று கேட்டான். கேட்டபின்தான் அழுதான்.

எங்கள் ஆட்டங்களுக்கு எப்போதும் அவர்தான் அம்பயர். சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து சப்வேயும் பஸ்ஸும் மாறி, ஜூலை வெயிலிலும் கம்பளிக் கோட்டோடு வருவார். ஒருநாள் அணியை நடத்தும் தயாளன் அண்ணையின் துடுப்பில் பந்து உரசியதா என்று பெரிய சண்டை. தயாளன் அண்ணை அவரிடமே போனார்.

"அங்கிள், பட்டதை நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் காணேல்லை. எனக்கு எண்பது வயசுக் கண். உமக்குத் தெரியும்தானே, உம்மடை கை."

தயாளன் அண்ணை வானத்தைப் பார்த்தார். பிறகு, "இந்தக் கிழவனோடை விளையாடேலாது," என்று சிரித்துக்கொண்டே வெளியேறினார்.

செல்லத்துரை அங்கிளை நாங்கள் கொண்டாடியது வேறொரு கதைக்காக. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், கொழும்புக் கிளார்க்மாரின் அணிக்காக மலைநாட்டுத் தோட்டத்துரைமாரோடு விளையாடப் போனார். வெற்றிக்குச் சில ஓட்டங்களே இருக்க, துரைமாரின் அம்பயர் பொய்யாக அவுட் கொடுத்து அவரை அனுப்பினான் என்பது கதை. ஊரை விட்டுத் துரத்தப்பட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த எங்களுக்கு அந்தக் கதை பிடித்திருந்தது.

அணியின் போன வருட விருந்தில் அவருக்கு மாலை போட்டு, அந்தக் கதையையும் சொன்னார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "அது அப்பிடி நடக்கேல்லை. அம்பயர் நொட் அவுட் எண்டுதான் சொன்னவர்," என்று தொடங்கினார். தயாளன் அண்ணை தோளில் கைபோட்டு, "பாத்தீங்களே, அங்கிளின்ரை அடக்கத்தை!" என்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. அவர் திரும்பிப் போய்த் தன் கதிரையில் இருந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மழை. தம்பியின் காருக்குள் ஒதுங்கியிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னார்.

"பந்து துடுப்பிலை பட்டுத்தான் பின்னாலை பிடிச்சவங்கள், பிள்ளை. அம்பயருக்குத் தெரியேல்லை. நானா வெளியிலை நடந்திட்டன். நாங்கள் தோத்துப்போனம். றெயிலிலை கொழும்பு வரைக்கும் ஒருத்தரும் என்னோடை கதைக்கேல்லை. ஸ்ரேசனிலை நிண்ட சனம் என்ன நடந்தது எண்டு கேக்க, கப்டன் என்ரை முகத்தைப் பாத்திட்டு, 'வெள்ளையன் கள்ள அவுட் குடுத்திட்டான்' எண்டார். என்னைக் காப்பாத்தத்தான் சொன்னவர். அவர் இருக்குமட்டும் நான் வாய் திறக்கேல்லை."

"இப்ப அவர் இல்லைத்தானே, அங்கிள்?"

"இப்ப சொன்னால் அடக்கம் எண்டுறாங்கள்."

சிரிக்க நினைத்தேன்; அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். கண்ணாடியில் வழிந்த நீரைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "அண்டைக்கு எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு பெவிலியனுக்குப் பின்னாலை, மரத்தடியிலை. அவங்கள் உள்ளுக்கை மேசையிலை. அது அநியாயம். அதை ஒருத்தரும் சொல்லுறதில்லை. நொட் அவுட் எண்டு நேர்மையாச் சொன்ன அந்த அம்பயரைத்தான் இவ்வளவு காலமும் கள்ளன் எண்டுறம்."

வேலையிடத்தில் தவறு செய்தால், யாரும் கண்டுபிடிக்கு முன்னே போய்ச் சொல்லிவிடுகிறேன். வெட்கமாக இருக்கும். "உம்மடை கை" என்று நினைத்துக்கொள்வேன். அவரிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது அதுதான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இவ்வளவு நேரமும் தயங்கினேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று எல்லோருக்கும் கொடுக்கப்போகும் நினைவுப் புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதில் "வெள்ளையனின் அநீதியால் ஆட்டமிழந்த வீரர்" என்ற வரி இருக்கிறது. தயாளன் அண்ணை, தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். மரத்தடிச் சாப்பாட்டை எழுதுங்கள். அதற்குக் கீழே, அம்பயர் நொட் அவுட் என்றார், செல்லத்துரை தானாக நடந்தார் என்று போடுங்கள். இந்த முறை அதை அடக்கம் என்று சொல்ல முடியாது. சொல்வது அவர் இல்லை.