வாவிக்கரையில் ஓட்டிப் பார்த்த ஸ்கூட்டர்

கீழ்வீட்டில் புல்லு வெட்ட ஆள் வந்திருந்தார். மெசினை இழுத்து ஸ்டார்ட் பண்ணியதும், பெட்ரோலும் எண்ணெயும் கலந்து எரிகிற நீலப் புகை வேலியைத் தாண்டி என் தேத்தண்ணிக் கோப்பைவரை வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்த எழுந்தவன், சாத்தாமல் அங்கேயே நின்று மோந்துகொண்டிருந்தேன். அந்த ஆள் மெசினை நிறுத்திவிட்டு, “ஐயா, பொகை அடிக்குதுங்களா?” என்றார். “இல்லப்பா, நீ வெட்டு” என்றேன். கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

எங்கள் சின்ன ஸ்கூட்டரின் வாசம் அது. உங்களிடம் சொல்வதற்கென்ன, ஆயுளில் நான் ஒரே ஒரு ஸ்கூட்டர்தான் வாங்கினேன். அதையும் பிழையாகத்தான் வாங்கினேன்.

அப்போது எனக்குக் கண்டி டவுனில் ஒரு மொத்தக் கடையில் கிளார்க் வேலை. என் மனைவி ராஜி, இரண்டு தெரு தள்ளி ஒரு வக்கீல் கந்தோரில் தமிழ் டைப்பிஸ்ட். காபன் தாளின் நீலம் அவளுடைய விரல்களை விட்டுப் போனதே இல்லை. சாதம் பிசையும்போது நான் கேலி பண்ணினால், “ஒங்க கையில பருப்பு மூட்ட வாசம் அடிக்குதே, அதுக்கென்ன சொல்றீங்க?” என்பாள். வீடு கலஹா ரோட்டில். பஸ் நிற்கும் சந்தியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே அரை மைல் ஏற்றத்தில் நடக்கவேண்டும்.

அந்த அரை மைல்தான் எங்கள் வில்லங்கம். சின்ன வயதில் வந்த காய்ச்சலொன்று ராஜியின் இதயத்து வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் பதமாகத்தான் சொன்னார்: “வேலைக்குப் போகட்டும், பரவாயில்லை. மேடு மட்டும் ஏறவே கூடாது.” கண்டியில் மேடில்லாத இடம் வாவிக்கரை ஒன்றுதான், அங்கே எங்களுக்கு யார் வீடு தருவார்கள்? எங்கள் பக்கம் ஆட்டோவும் அப்போது வரவில்லை. அதனால்தான் ஸ்கூட்டர் என்று முடிவெடுத்தோம்.

டவுனில் பழைய வாகனம் விற்கிற ஹாஜியார் ஒருவர் இருந்தார். அவர் கடையில் இரண்டு நின்றன. ஒன்று, கியர் போட்ட கனத்த சாம்பல் நிற ஸ்கூட்டர். உதைத்து உதைத்துத்தான் ஸ்டார்ட் பண்ணவேண்டும். மற்றது ஜப்பானிலிருந்து வந்த சின்னச் சிவப்பு ஸ்கூட்டர். பொத்தானை அமுக்கினால் போதும். சீட் தணிவு, சேலையோடு ஏற லேசு. பார்த்ததும் எனக்குச் சிவப்பு பிடித்துப்போனது. ராஜிதான் சாம்பலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“ஏங்க, இந்தச் செவப்பு நம்ம ரெண்டு பேரோட மேட்டுல ஏறுமா?”

ஹாஜியார் சிரித்தார். “தங்கச்சி கேக்குறது ஞாயம்தான். ஹந்தான ரோட்டு மேட்டுல ரெண்டு பேருமா ஒருக்கா ஏத்திப் பாத்துட்டு வாங்களேன். நான் எங்கயும் ஓடிப் போறல்ல.”

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும். அதற்குள் வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கியாகவேண்டும். மணிக்கூட்டைப் பார்த்தேன், பத்து ஆகப்போகிறது. ராகு காலம் கழியட்டும் என்றால், ஹாஜியார் ஜும்மாத் தொழுகைக்குக் கடையைப் பூட்டிவிடுவார்; எனக்கோ அரை நாள்தான் லீவு. ஆகவே மலையில் பிறந்து மலையில் வளர்ந்த நான், கண்டியிலேயே தட்டையான ஒரே ரோட்டில், வாவியைச் சுற்றி மனைவியைப் பின்னால் வைத்து ஓட்டிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. “மேட்டையெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டேன். ராஜி சாம்பலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பத்து இருபத்தைந்துக்குப் பழம் நசுங்கியது. ராகுவையே ஏய்த்துவிட்ட பெருமை எனக்கு.

அன்று மாலையே எங்கள் ஏற்றத்தில், முதல் வளைவில், சிவப்பு ஸ்கூட்டர் முக்கி முனகி நின்றது. பிறகு மெல்லப் பின்னால் உருண்டது. நான் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டேன். இறங்கி ஏறி மூன்று முறை பார்த்தோம். ஒருவரோடு ஏறும், இருவரோடு ஏறாது. சந்தியில் முத்தையா அண்ணனின் தேத்தண்ணிக்கடை. அதன் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஐந்தாறு பேரும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

“நீங்க ஏத்திக்கிட்டுப் போங்க. நான் மெல்ல வர்றேன்” என்றாள் ராஜி.

ஏற்றிக்கொண்டு போனேன்.

இன்னொன்று வாங்க வழியில்லை. காலையில் இரண்டு பேருமாக ஜம்மென்று இறங்குவோம். கந்தோர் வாசல்வரை சொகுசு. மாலையில் சந்தியில் அவள் இறங்கிக்கொள்வாள். நான் மேலே போய் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். குடை முதலில் தெரியும். பிறகு மண்திட்டைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பது தெரியும். வந்து சேர்ந்ததும் மூச்சு அடங்குமுன்னே, “இன்னைக்கி ரெண்டே தடவதான் நின்னேன்” என்பாள், பரீட்சை பாஸ் பண்ணினவள் மாதிரி. நானும் “அப்படியா, நல்லது” என்பேன்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்: “ஏங்க, எனக்கு ஓட்டச் சொல்லித் தாங்களேன். மேட்டுல நான் ஓட்டிக்கிட்டுப் போறேன். நீங்க பின்னால நடந்து வாங்க.”

எவ்வளவு சுலபமான வழி பாருங்கள். ஆனால் நான் சிரித்தேன். புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் யாரும் ஸ்கூட்டர் ஓட்டாத காலம். சேலை கட்டிய பெண்சாதி ஓட்டிப் போக, புருஷன் பின்னால் சோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் முத்தையா அண்ணன் கடை பெஞ்சி என்ன சொல்லும்? அதைத்தான் நினைத்தேன். வால்வை நினைக்கவில்லை.

அவள் அதோடு விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் தூக்கத்தில் இருந்தவன், ஸ்கூட்டர் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முற்றத்தை ஒரு வட்டம் அடித்துவிட்டிருந்தாள். விழவில்லை, ஆடவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

“எறங்கு” என்றேன்.

“இன்னும் ஒரே ஒரு சுத்துங்க.”

“எறங்குன்னா எறங்கு. ஆளுங்க பாக்குறாங்க.”

முற்றத்தில் யாரும் இல்லை. இறங்கினாள். முந்தானையால் சீட்டைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை. அவள் கேட்காமல் விட்டது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதினோரு மாதம் நடந்தாள். மழை மாதங்களிலும் நடந்தாள். பிறகு கால் வீங்கியது, ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், மூன்றாம் வாரம் போய்விட்டாள். “வால்வு ஏற்கெனவே ரொம்ப மோசம். நீங்கள் மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்” என்றார் டாக்டர். அவர் நல்ல மனிதர், யாருக்கும் அப்படித்தான் சொல்வார். சிவப்பு ஸ்கூட்டரை ஹாஜியாரிடமே கொண்டுபோய் நிறுத்தினேன். ராஜி எங்கே என்று அவர் கேட்டார். சொன்னதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெகு காலம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் முத்தையா அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வயது போய்விட்டது, காதும் மந்தம். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “ஒங்க சம்சாரம் நின்னு நின்னு ஏறுவாங்களே தம்பி. வண்டிய அந்தப் புள்ளைக்கிட்ட குடுத்துட்டு இந்த மனுசன் நடந்தா என்னன்னு நாங்க பேசிக்குவோம். பாவம்.” நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடை இருந்த இடத்தில் போனுக்கு ரீலோட் போடுகிறார்கள். பெஞ்சியில் இருந்தவர்களில் சிலர் செத்துவிட்டார்கள், சிலர் கொழும்புக்கும் இந்தியாவுக்கும் போய்விட்டார்கள். மாலையில் நான் சந்திப் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகிறபோது, வேலை விட்டு வருகிற பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் அந்த ஏற்றத்தில் போகிறார்கள். சிலருக்குப் பின்னால் புருஷன் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் நின்று, வளைவில் மறையும்வரை பார்க்கிறேன்.