பன்னிரண்டு மாடியில் மேல வீடு

முதலில் மன்னிப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் எழுத்து நாற்றைப் போல வரிசையில் நிற்காது, காற்றடித்த கதிர் மாதிரி சாயும். லகர ளகரங்களை நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தேன். நில உச்சவரம்புச் சட்டம் அவர் தூக்கத்தைக் கெடுத்திருந்த நேரம். ஊரில் விவசாயச் சங்கத்தின் கொடி ஏறிய பிறகு அவர் வாயில் ‘டா’ போய் ‘ப்பா’ வந்திருந்தது.

“நிலத்துக்குத்தானேப்பா உச்சவரம்பு? ஆகாசத்துக்கு இல்லையே! பன்னெண்டு மாடி கட்டப்போறேன். கீழ கடை, நடுவுல நெல்லு குடோன், மேல வீடு. உன் குடிசைய காலி பண்ணு, மேல வீடு ஒனக்கு.”

எங்களுக்கு மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. மேலத்தெரு, கீழத்தெரு என்றே பழகியவர்கள். மேற்கே வாய்க்கால், மாட்டுக்கு வசதி. தலையாட்டிவிட்டு வந்தேன்.

பட்டணத்து இன்ஜினியர் வரைபடத்தை விரித்து உச்சியைத் தொட்டார். “இதாங்க உங்க வீடு.”

தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். கூச்சத்தில், கூட வந்திருந்த என் மனைவியின் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவள்தான் பேசினாள்.

“பசு எப்படிங்க ஏறும்?”

“லிப்ட் இருக்கும்மா.”

“சாணி?”

இன்ஜினியர் பென்சிலைக் கடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: “மேலன்னா மேக்குன்னு நெனச்சேன்னு போய்ச் சொல்லுங்க. இல்லாட்டி பசுவும் நானும் எங்கம்மா வீட்டுக்குக் கெளம்பறோம்.”

போனேன். வைக்கோல் விலையை விசாரித்துவிட்டுத் திரும்பினேன். மறுபடி போனேன். மறுபடியும் வைக்கோல்தான்.

அதற்குள் அஸ்திவாரம் தோண்டினார்கள். வண்டல் மண், தோண்டத் தோண்டச் சேறு. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் குழி குளமாகி, வாத்துகள் குடியேறின. இன்ஜினியர் பன்னிரண்டு மாடியை ஆறாக்கினார், ஆறை மூன்றாக்கினார். கடைசியில், இந்த மண் ஒரு தளத்துக்கு மேல் தாங்காது என்று சொல்லி ரயிலேறிவிட்டார்.

தண்ணீர் வடிந்தபின் கொத்தனார் தரையோடு தரையாக நீளமாய்க் கட்டி முடித்தார். சாலை கிழக்கே இருந்ததால் கடை அந்தப் பக்கம், நடுவில் குடோன், மிச்சமிருந்த மேற்கில் ஒரு வீடு. மிராசுதார் அதைப் பார்த்தபடி வாடி நின்றார். என் மனைவி அம்மா வீட்டுக்குக் கிளம்ப, துணி மூட்டையோடும் பசுவோடும் சாலையில் நின்றாள். எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது.

“ஐயா, நீங்க சொன்னபடியே வந்துடுச்சுங்க. கீழ கடை, நடுவுல குடோன், மேல வீடு.”

கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

“பன்னெண்டு மாடியையும் படுக்கப் போட்டுட்டியேடா!”

சங்கத்தையே மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தாமல் சாவியை வாங்கிக்கொண்டேன். பசுதான் முதலில் உள்ளே போனது.

அந்த மேல வீட்டில் உட்கார்ந்து இதை எழுதி முடித்தது ஆடி பதினெட்டு.