அகாகியைக் கட்டிய அறை

கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஜெபராஜ் என் காலைப் பார்த்தான்.

"மச்சி, இன்னொரு செருப்பு எங்கடா?"

வலது கால் வெறுமையாக இருந்தது. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. தார்ச்சாலையின் சூடுகூட உறைக்கவில்லை.

நாங்கள் இருவரும் பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் ஒரே லைன். கார் கண்ணாடிகளை ஒரு திரவத்தால் துடைத்துப் பரிசோதிக்கும் வேலை. கால் மரத்துப்போனதற்கு முதலில் அந்தத் திரவத்தைச் சந்தேகப்பட்டேன். பிறகு கேன்டீன் தண்ணீரை. அப்புறம், வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பிய கம்பெனி டாக்டரை.

ஞாயிற்றுக்கிழமைகளில், உலகப்போர்க் கால ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் மாதிரிகளைக் கட்டுவேன். அப்போது அகாகி என்ற கப்பலின் மேல்தளத்தில் விமானங்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று காணாமல் போனது. மண்டியிட்டுத் தரையெல்லாம் தேடினேன். என் விரல் நுனியிலேயே ஒட்டியிருந்தது. அன்றுதான் பயந்தேன்.

நரம்பு கடத்தல் சோதனை (நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது) எடுத்தார்கள். நரம்பியல் மருத்துவர் அறிக்கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கெமிக்கலா இருக்கலாம். லைன்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்ப உங்களுக்கு மட்டும் ஏன்? வீட்ல ஏதாவது ஹாபி?"

"புக் படிப்பேன்."

பொய். ஜெபராஜ் முன்பே எச்சரித்திருந்தான். "டாக்டராண்ட இன்னா வேணா சொல்லு. பாட்டில் மேட்டர மட்டும் சொல்லாத, வேலை பூடும்."

லைனில் மீந்த திரவத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்கு எடுத்து வந்துகொண்டிருந்தேன். பெயின்ட் கலக்க, தெளிப்பானைக் கழுவ அதுபோல் ஒன்று கிடையாது. சட்டென்று காயும், கறை விடாது. லைனில் தலைக்கு மேல் ஆவியை உறிஞ்சும் குழாய் உண்டு. என் அறையிலோ, ஈரப் பெயின்ட்டில் லாரித் தூசி படியக்கூடாதென்று ஜன்னல் இடுக்குக்கெல்லாம் டேப் ஒட்டியிருந்தேன். எல்லாரையும் சந்தேகப்பட்ட எனக்கு அந்த டேப் கண்ணில் படவே இல்லை.

அடுத்த முறை அம்மாவும் வந்தார்.

"புள்ள ரூமை மூடிக்கினு கப்பல் கட்டுது மேடம். கதவத் தொறந்தா மூக்கு எரியுது. கேட்டா, தூசி வரும்னு என்னையே திட்டுது."

"கப்பலா?"

"சின்னது மேடம்," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

ஹெக்சேன் (வேகமாக ஆவியாகும் கரைப்பான், தொடர்ந்து சுவாசித்தால் நரம்பைக் கெடுக்கும்) என்று மருத்துவர் எழுதினார். நேரடி மருந்து இல்லை. நிறுத்த வேண்டும், காத்திருக்க வேண்டும். நிறுத்திய பிறகும் சில வாரம் மோசமாகும் என்றார். நம்பவில்லை. படியேற முடியாமல் போனபோது அவரையும் சந்தேகப்பட்டேன். இந்த இடத்தில் நிற்பவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் சொன்னது சரி.

விடுப்புக் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அதைப் பார்த்த சூப்பர்வைசர் பாட்டிலைப் பற்றித் திட்டவே இல்லை. "வீட்லதான் ஆச்சுன்னு எழுதிக் குடுத்துடு. உன்ன பேக்கிங்ல போட்டுடறேன்." எழுதிக் கொடுத்தேன். அவருக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று இன்னமும் யோசிக்கிறேன். ஜெபராஜைச் சோதனைக்குப் போகச் சொன்னால், "நான் கப்பல் கட்டலியே மச்சி" என்று சிரிக்கிறான்.

கெட்டுப்போன நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். என் கப்பல் கிட் நிஜக் கப்பலில் எழுநூற்றில் ஒரு பங்கு அளவு. அதன் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு மாலுமி எடுத்துவைக்கும் ஓரடி.

வாரம் ஒருமுறை பல்குச்சியால் காலைத் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போடுகிறேன். இன்று கோடு கணுக்காலுக்கு இறங்கி வந்திருக்கிறது. அதற்குக் கீழே இருப்பது இன்னும் என் கால் இல்லை. கோடு விரல் நுனிக்குப் போய்ச் சேர மழைக்காலம் ஆகிவிடும்.