ஆல்வினின் இடது காது

எங்கள் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்தை மூக்கருகே கொண்டுபோனால் சைக்கிள் கடை 'சொலூஷன்' நாற்றம் அடிக்கும். மூன்று இடத்தில் ஒட்டுப் போட்ட பந்து அது. ஒட்டுப் போட்ட பக்கம் தரையில் பட்டால் நேராக எழும்பாது, கோணிக்கொண்டு போகும். அதனால் அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் பந்து தட்டப் பழகிய நாங்கள், அது எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாமலேயே அதைக் கைக்குள் வைத்திருக்கப் பழகினோம். வெளியூர்ப் பையன்கள் எங்கள் கையைப் பார்த்து வாய் பிளந்தது இதனால்தான், வேறு மந்திரம் ஒன்றும் கிடையாது. ஆடுகளம் என்பது வெடிப்பு விட்ட சிமெண்டுத் தரை. உப்புக் காற்று தின்று வளையம் துருவேறிக் கிடக்கும். வலை அறுந்தால் பள்ளிக்கூடம் வாங்கித் தராது. ஆல்வின் தன் வீட்டிலிருந்து பழைய மீன்வலைத் துண்டைக் கொண்டுவந்து அவனே முடிந்து கட்டுவான்.

ஆல்வினைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். முப்பது வருடமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை, வெட்கம்.

அவனுடைய அப்பா சந்தியாகு சங்கு குளிப்பவர். எங்கள் கடலில் முத்து அற்றுப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது, குளிப்பவர்களுக்கு மிஞ்சியது சங்குதான். இருபது வருடம் கடலடியில் கிடந்ததில் அவருக்கு இரண்டு காதும் மந்தம். அதனால் அந்த வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். சமையலறையை அவர்கள் 'குசினி' என்பார்கள். குசினியிலிருந்து உப்பு கேட்டால் தெருமுனைக்குக் கேட்கும். புதிதாகப் போகிறவன் வீட்டில் சண்டை என்று நினைத்துத் திரும்பிவிடுவான். ஆல்வினின் அம்மா பிலோமினாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்கு ஒரே பிடிவாதம்தான்: மகன் கடலுக்குள் இறங்கக் கூடாது. அவருடைய தம்பி சங்கு குளிக்கப் போய் மேலே வரவில்லை.

ஆல்வினுக்குப் படிப்பு ஏறவில்லை. ஒரு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள், இடம் கிடைத்தால் சோறும் படிப்பும் இலவசம், பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் கிடைக்கும் என்று நான்தான் அத்தையிடம் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் அந்த ஒட்டுப் போட்ட பந்தை ஏதோ மாதா கோயிலில் வைத்துக் கும்பிடும் திருப்பண்டம் மாதிரிப் பார்த்தார். மேசைக்கு அடியில் உருண்டு கிடந்தால் எடுத்துத் துடைத்து வைப்பார். என்னிடம் ஒரு நாள் சொன்னார்: "ஏலே, நீ அவன் கூடவே இரு. எப்படியாவது கரையிலயே பொழச்சிக்கிடட்டும். தண்ணிக்குள்ள மட்டும் போவ விட்டுராத."

நான் உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவரின் மகன். எனக்கு உயரம் இருந்தது, மூச்சு இருந்தது, கை இல்லை. பத்து முறை எறிந்தால் மூன்று விழும். ஆல்வினுக்குக் கை இருந்தது, மூச்சு இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆட்டக்காரன். விடுதித் தேர்வுக்கு இரண்டு பேருமே போவது என்று, அந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு பயிற்சியை ஆரம்பித்தோம். விடிந்தும் விடியாமலும் கடற்கரையில் கணுக்கால் புதையும் காய்ந்த மணலில் ஓட்டம். பிறகு படகுக் கயிற்றை வெட்டிச் செய்த கயிற்றில் 'ஸ்கிப்பிங்'. சாயங்காலம் ஆடுகளத்தில், வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு இடது கையால் மட்டும் பந்து தட்டுவது. கடைசியில் கோட்டுக்குக் கோடு ஓடித் திரும்பும் 'லைன் ரன்'. ஓடி முடித்து மூச்சு வாங்கும்போதே கோட்டில் நின்று கூடைக்குப் பத்து 'ஃப்ரீ த்ரோ' போட வேண்டும், ஒன்று தவறினாலும் மறுபடி ஓட வேண்டும். இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தந்தவர் யாரும் இல்லை. பி.டி. சாருக்குத் தெரிந்த கூடைப்பந்து 'ஓடுலே' என்ற ஒரு வார்த்தைதான். அதையும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சொல்வார்.

ஒரு மாதத்தில் என் கை கொஞ்சம் திருந்தியது. அவன் மூச்சும் கூடியது. கூடியது என்று இப்போது தெரிகிறது. அப்போது எங்களுக்குப் பொறுமை இல்லை.

மாசியில் உள்ளூரில் ஒரு போட்டி. ஆட்டம் முழுக்க ஆல்வின்தான் ஆடினான், நாங்கள் முன்னால் இருந்தோம். கடைசிப் பத்து நிமிடத்தில் அவன் முழங்காலில் கை ஊன்றி நின்றுவிட்டான். கையிலிருந்த பந்தை இரண்டு தடவை பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஒரு கூடையில் தோற்றோம். எல்லோரும் நிற்கையில் பி.டி. சார் சொன்னார்: "சங்கு குளிக்கிறவன் மவனுக்கு மூச்சு இல்லையாம். ஒங்க அப்பன் கடலுக்கடியில போயி என்னலே செய்யுதாரு, படுத்துத் தூங்குதாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆல்வின் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது அந்த யோசனையைச் சொன்னவன் நான். அவன் அப்பா இரண்டு நிமிடம் தண்ணீருக்குள் மூச்சைப் பிடிக்கிறார், அதைப் பழகினால் கடைசிப் பத்து நிமிடம் என்ன, நாள் பூராவும் ஓடலாம் என்றேன். அம்மா கொன்றுபோடுவாள் என்றான். "சொன்னாத்தான?" என்றேன் நான்.

அப்பாவிடம் ரகசியம் சொல்வதும் லேசான காரியம் இல்லை, கத்த வேண்டும். அதனால் அவரைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆள் இல்லாத இடம் பார்த்து, இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினோம். புரிந்ததும் அந்த மனிதர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. மகன் கடலைக் கேட்டு வந்துவிட்டான் என்று நினைத்தார். பந்து விளையாட்டுக்காக என்பது அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

சனிக்கிழமைகளில் அவர் படகில் போனோம். கரையிலிருந்து அதிக தூரமில்லை, நாலு பாகம் ஆழம். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கல்லோடு இறங்க வேண்டும். "காது அடைச்சா ஏறிராத, அப்படியே எறங்கு. ஒரு தடவ ஒடஞ்சிட்டுன்னா பொறவு நோவாது" என்றார் சந்தியாகு. நான் பாதி தூரம் போனேன். காதுக்குள் ஆணி அடித்த மாதிரி இருந்தது. கல்லை விட்டுவிட்டு ஏறி வந்துவிட்டேன், அதற்குப் பிறகு இறங்கவே இல்லை, படகில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஆல்வின் இறங்கினான். மூன்றாவது சனிக்கிழமை, கை நிறைய அடிமணலோடு மேலே வந்தான். இடது காதிலிருந்து கழுத்து வழியாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

சந்தியாகு அவன் முதுகில் தட்டிச் சிரித்தார். "காது தொறந்துட்டு" என்றார். குளிப்பவர்களுக்கு அது காயம் இல்லை. அவருக்கும் அவர் அப்பாவுக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. பையன் ஆள் ஆகிவிட்டான் என்று அர்த்தம். நாங்களும் அப்படியே நம்பினோம். ஏதோ பரீட்சையில் தேறியவன் மாதிரி அவன் சிரித்தான், நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். மூச்சு வந்துவிட்டது, இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். முட்டாள்கள்.

நாலு நாளில் காதில் சீழ் வைத்தது. பஞ்சு அடைத்துக்கொண்டு வந்தான். அத்தை கேட்டபோது, பந்து பட்டுவிட்டது என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் என் தலையைத் தடவி, பார்த்து விளையாடுங்கள் என்றார். தனியாக இருக்கும்போது ஆல்வின் என்னிடம் சொன்னான்: "காதுக்குள்ள எரச்சலா கெடக்குலே. குனிஞ்சா தல சுத்துது. ஆசுபத்திரிக்குப் போவமா?" ஆஸ்பத்திரிக்குப் போனால் அத்தைக்குத் தெரியும், தெரிந்தால் எல்லாம் நிற்கும், விடுதித் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்றேன். முடியட்டும், பார்ப்போம் என்றேன். அந்தக் காதோடு இன்னும் இரண்டு சனிக்கிழமை அவனைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இடது பக்கம் அவனுக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை என்பதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எல்லோரும் கத்திப் பேசும் வீட்டில் ஒருவனுக்குக் காது போனால் என்ன தெரியும்? அவன் முன்னைவிடச் சத்தமாகப் பேசினான். சந்தியாகு மகன்தானே என்று விட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் தெரியும்.

தேர்வு திருநெல்வேலியில். அடுத்தடுத்து இரண்டு ஆடுகளம், இரண்டிலும் ஒரே நேரத்தில் ஆட்டம், இரண்டிலும் விசில். ஒரு காது மட்டும் கேட்கிறவனுக்குச் சத்தம் கேட்கும், அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது. பக்கத்துக் களத்தில் விசில் அடித்தால் ஆல்வின் நின்றான். எங்கள் களத்தில் அடித்தால் ஓடினான். இடது பக்கம் ஆள் நிற்கிறான் என்று நான் கத்தியது கேட்காமல் நேராகப் போய் மோதி விழுந்தான். விசில் அடித்த பிறகும் பந்தைக் கொண்டுபோய்க் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஓடிப்போய் எம்பிப் போடும் அழகான 'லே-அப்' அது. அன்று அந்த மைதானத்தில் அவனைப் போலக் கை யாருக்கும் இல்லை.

ஆள் எடுக்க வந்தவர் என்னைக் கூப்பிட்டார். "ஒன் ஸ்கூல் பையன்தான அவன்? விசில் அடிச்சா நிக்க மாட்டானா? திமிரா?"

எங்கள் பள்ளியிலிருந்து ஒருவனைத்தான் எடுப்பார்கள் என்று பி.டி. சார் பஸ்ஸில் வரும்போது சொல்லியிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காது கேட்காது என்று சொன்னால் அதற்காகவே தள்ளிவிடுவார்கள், சொல்லாமல் இருப்பதே அவனுக்கு நல்லது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு இடம் வேண்டும், அதனால் சொல்லவில்லை.

என்னை எடுத்தார்கள். செய்தி கேட்டு அத்தை என்னை உட்காரவைத்துச் சோறு போட்டார். "நீயாவது போறியே" என்றார். அதைத் தின்றேன். அடுத்த வாரமே ஆல்வினை அப்பா படகில் ஏற்றிக்கொண்டார். அத்தை கரையில் நின்று கத்தியது அந்தத் தெரு முழுக்கக் கேட்டதாம். அந்த மனிதருக்குத்தான் கேட்கவில்லை.

விடுதியில் சேர்ந்து இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது: மூச்சை அடக்கிக் கிடப்பது வேறு, மூச்சு வாங்காமல் ஓடுவது வேறு. ஒன்றைப் பழகினால் மற்றது வராது. அவனுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த மணல் ஓட்டமும் லைன் ரன்னும்தான். தேர்வு வரை பொறுத்திருந்தால் போதும். ஒன்றுக்கும் உதவாத காரியத்துக்குக் காதைக் கொடுத்தான். கொடுக்க வைத்தவன் நான்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலையில்தான் இன்றும் சம்பளம் வாங்குகிறேன். போன மாதம் பிலோமினா அத்தையின் முப்பதாம் நாள் பூசைக்குத் தூத்துக்குடி போனேன். எங்கள் ஆடுகளம் இப்போது பள்ளிக்கூட வேன்கள் நிறுத்தும் இடம். கம்பம் நின்ற இடத்தில் கூடத் தடயம் இல்லை. மணலில் ஓடிய கரையில் கல் கொட்டிவிட்டார்கள். சந்தியாகு போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

பூசை முடிந்து ஆல்வினும் நானும் அந்தக் கல் மேல் உட்கார்ந்தோம். அவனுடைய வலது பக்கம் உட்கார்ந்து, திருநெல்வேலியில் நடந்ததை முதல் தடவையாகச் சொன்னேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"தெரியும்லே" என்றான். "அந்த ஆளு ஒன்கிட்ட கேட்டத பாத்துக்கிட்டுதான் நின்னேன். காது போனா என்ன, கண்ணு இருக்குல்லா. நீ சொல்லியிருந்தாலும் எடுத்திருக்க மாட்டானுவ, அது வேற. ஆனா சொல்லியிருக்கலாம்."

பிறகு அவனே, நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டும், முப்பது நாள் கழியட்டும் என்று இருந்தேன் என்றான். இப்போதெல்லாம் ஏறி வந்தால் மூக்கிலும் ரத்தம் வருகிறது என்று, காய்ச்சல் வந்ததைச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னான். இந்த முப்பது வருடமும் அவன் கிளம்பும் ஒவ்வொரு நாளும் அத்தை வாசலுக்கு வந்து, போகாதே என்று கத்துவாராம். போய்விடுவானாம்.

அதைச் சொல்ல அந்த வீட்டில் இனி ஆள் இல்லை. நானாவது சொல்லியிருக்கலாம். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.