பதினொன்றால் வகுபட்ட மாப்பிள்ளை

எண்ணைக் கண்டால் வகுத்துப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. டவுன் பஸ் டிக்கெட், கேஸ் புத்தகம், முன்னால் போகும் ஆட்டோவின் நம்பர், எதையும் விட மாட்டேன். மூன்றால் வகுபடுமா, ஏழால் வகுபடுமா என்று மனசு தன் பாட்டுக்கு ஓடும். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவளுக்கு இது ஒரு குறையா? அம்மாவுக்குக் குறைதான்.

அதனால்தான் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, தலையில் பூவை வைத்துவிட்டுக்கொண்டே எச்சரித்தாள். “இந்தா பாரு, மாப்ள வீட்டுக்காரங்க முன்னாடி கணக்கு கிணக்குன்னு வாயத் தொறந்தே, தொலைச்சுப்புடுவேன்.”

மாப்பிள்ளைக்குப் பேரையூர்ப் பக்கம். திருமங்கலத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். எங்கள் பசுமலை வீட்டு மொட்டை மாடிக்கு இருவரையும் பேச அனுப்பினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலை எனக்கு விட்டுவிட்டு, அவர் வெயிலில் நின்று கடைக் கதையெல்லாம் சொன்னார். நான் ஏதாவது சொன்னால் வாய்விட்டுச் சிரித்தார். சொல்வதற்கென்ன, எனக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று.

கிளம்பும்போது தன் போன் நம்பரைச் சொன்னார். குறித்துக்கொண்டேன். அத்தோடு நின்றிருக்கலாம். பாழாய்ப்போன வாய்!

“உங்க நம்பர் பதினொன்னால மீதியில்லாம வகுபடுதுங்க.”

அவர் முழித்தார். “எப்பிடிச் சொல்றீங்க?”

“இலக்கத்த ஒன்னு விட்டு ஒன்னு கூட்டுங்க. விட்டதையும் தனியாக் கூட்டுங்க. ரெண்டும் சமமா வந்தா பதினொன்னால வகுபடும்.”

விரல் விட்டுக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். “அட, ஆமா!” என்றவர் என் நம்பரை வாங்கிக்கொண்டு, அதையே பார்த்தபடி படியிறங்கினார். கீழே காப்பி குடிக்கும்போதும் போனையே நோண்டிக்கொண்டிருந்தார். “வீட்ல பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்” என்று அவருடைய அம்மா எழுந்துகொள்ள, கார் கிளம்பிவிட்டது.

இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. அம்மா சமையலறையில் பாத்திரங்களை உருட்டினாள். “எம்புட்டுச் சொன்னேன்! கேட்டியாடி?” எனக்கு அழுகை முட்டியது. வகுத்தலைக் கண்டுபிடித்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. அவர்தான்.

“கோவிச்சுக்காதீங்க. உங்க நம்பரையும் வகுத்துக் காட்டிட்டுத்தான் பேசணும்னு இருந்தேன். கடையில கால்குலேட்டரும் கையுமாவே உக்காந்திருக்கேன். ரெண்டுல ஆரம்பிச்சு நூறத் தாண்டிட்டேன், எதுலயும் போகமாட்டேங்குது.”

சிரிப்பை அடக்க முடியவில்லை. “போகாதுங்க. அது பகா எண். ஒன்னாலயும் அதாலயுந்தான் வகுபடும். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துத்தான் அந்த சிம்மையே வாங்கினேன்.”

“கம்ப்யூட்டர் சொன்னா ஆச்சா? நானே பாக்கணும். எது வரைக்கும் வகுத்தா நம்பலாம்?”

“வர்க்கமூலம் வரைக்கும். பத்து இலக்க நம்பருல்ல, கிட்டத்தட்ட ஒரு லட்சம் வரைக்கும் போகணும்.”

மறுமுனையில் கால்குலேட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் நகத்தைக் கடித்தேன்.

“லட்சமா! ஒத்த ஆளா முடியாதுங்க” என்றார். “கூட நீங்களும் உக்காந்தா முடிச்சிரலாம். எங்க வீட்ல எல்லாருக்கும் சம்மதம். நீங்க என்ன சொல்றீங்க?”

“சரிங்க” என்றேன். “எனக்கொன்னும் அவசரமில்ல. மெதுவாவே வகுக்கலாம்.”